நூல் நீளும், கம்பி நீளாது

மதினி, இன்று டயர் கடையில் நம் அம்பாசிடரின் முன் டயர்கள் இரண்டையும் கழற்றிப் போட்டார்கள். தடவிப் பார்த்தேன். உள்ளோரமும் வெளியோரமும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தன. "இந்தப் பழைய வண்டிக்கு யாரு அலைன்மெண்ட் பாத்தா?" என்று கடைக்காரர் ஆச்சரியமாகக் கேட்டார். அதைக் கேட்க நீங்கள் உயிரோடு இருந்திருக்க வேண்டும்.

அண்ணன் போய்ச் சேர்ந்த பிறகு வண்டி ரோட்டில் குடிகாரன் மாதிரி அலைந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்து விற்றுவிடுகிறேன் என்று உங்கள் மகன் சென்னையிலிருந்து போன் செய்தான். "நேரா ஓடுச்சுன்னா விக்கக் கூடாதுலே" என்று மட்டும் சொன்னீர்கள். போனை வைத்ததும் என்னிடம் திரும்பி, "ஏட்டி, சேலைய இழுத்துச் சொருகிட்டு வா" என்றீர்கள்.

காரோடு வந்த புத்தகத்தில் படம் போட்டிருந்தது. முன் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம், அவற்றின் பின்விளிம்பைவிட முன்விளிம்பில் ஓர் அரிசி அகலம் குறைவாக இருக்க வேண்டும். அளக்க நீங்கள் எடுத்து வந்தது நூல். ராஜபாளையத்து மில்லில் இருபது வருஷம் நூல் சுற்றியவராயிற்றே, டேப்பையா நம்புவீர்கள்? ஆளுக்கொரு முனையைப் பிடித்து அளந்தோம். சாக்கை விரித்துக் காருக்கு அடியில் படுத்து, சக்கரங்களைத் திருப்பும் டை ராடைத் திருகியது நீங்கள்தான். தெருமுனை வரை ஓட்டினால் வண்டி முன்னைவிட மோசமாக அலைந்தது. எதிர்வீட்டில் சிரித்தார்கள்.

பம்பரில் உட்கார்ந்து நூலை விரலில் சுற்றிக்கொண்டே இருந்த நீங்கள், திடீரென்று தலையில் அடித்துக்கொண்டீர்கள்.

"இருபது வருசம் நூலோட கெடந்தும், இழுத்தா நீளும்னு மறந்துட்டேனேட்டி."

முன்விளிம்பை அளந்தபோது நான் நூலைத் தளர்வாகப் பிடித்ததும், பின்விளிம்பை அளந்தபோது விறைப்பாக இழுத்ததும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீங்கள் உள்ளே போய்ப் படுக்கையறை ஜன்னலின் இரும்புத் திரைக்கம்பியைக் கழற்றி வந்தீர்கள். அதில் பென்சிலால் குறி வைத்து, மறுபடி முதலிலிருந்து அளந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை மகனைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நீங்களே ஓட்டினீர்கள். நான் பின்சீட்டில் கர்த்தரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். வன்னியம்பட்டி விலக்கு தாண்டி ரோடு காலியாக இருந்த இடத்தில், ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தீர்கள்.

"அம்மா, பிடிங்க" என்று அவன் பதறினான்.

"எதுக்குலே? அதுக்கே வழி தெரியும்."

வண்டி கோடு கிழித்த மாதிரி போனது. அதற்குப் பிறகு விற்பதைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை, மதினி. இன்றும் அப்படித்தான்.

"எங்க மதினிதான் பாத்தாவ" என்றேன் கடைக்காரரிடம். "அவிய எங்க கடை வச்சிருந்தாவ?" என்று கேட்டார். மில்லில் நூல் சுற்றியவர் என்றதும், டயரை இன்னொரு தடவை தடவிப் பார்த்தார்.

உங்கள் ஜன்னலுக்கு இன்னும் திரை இல்லை. கம்பி டிக்கியிலேயே கிடக்கிறது. புது டயர் மாட்டியதும் அதை எடுத்துக் கடைக்காரரிடம் நீட்டி, "ஒரு முனையப் பிடிங்க" என்றேன். அன்றைக்கு நான் பிடித்த முனையை அவர் பிடித்துக்கொண்டார். உங்கள் முனை என் கையில் இருந்தது.