வருகை கூப்பிடும் நேரம்

மார்ச் 3

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. என் உடம்பு தேவலை. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

கடன் குழுவை விட்டுவிட்டு உன்னோடு வந்துவிடச் சொல்லியிருக்கிறாய். தையல் மிஷினுக்கு உன்னிடம் கேட்டபோது, "அப்புறம் பார்க்கலாம்மா" என்றாய். குழுதான் கொடுத்தது. பத்துப் பேரும் ஒருவருக்கொருவர் ஜாமீன். எப்படி வருவேன்?

எங்களில் பொத்தான் கடைக்காரி போன மாதம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். வசூல்காரரிடம் சொல்லவில்லை. ஆள் குறைந்தால் அடுத்த கடன் யாருக்கும் கிடையாது. அவர் போனிலிருந்து நிமிராமல்தான் பேர் கூப்பிடுவார். அவள் பேர் வந்ததும் முறை வைத்து ஒருத்தி, "இருக்கேன் சார்" என்கிறோம். தவணையைப் பங்கு போட்டுக் கட்டுகிறோம்.

உன் அம்மா

மார்ச் 12

அன்புள்ள அம்மாவுக்கு,

செத்தவளுக்காகப் பதில் சொல்வது தப்பும்மா. உண்மையைச் சொல்லிவிட்டுக் கிளம்பி வா. உன் மருமகள் ஜன்னல் ஓர அறையை ஒழித்து வைத்திருக்கிறாள். பிடிவாதம் போதும்.

உன் மகன்

மார்ச் 25

மகனுக்கு,

போன வாரம் என் முறை. நான் வாய் திறக்குமுன், பாயில் அவள் உட்காரும் மூலையிலிருந்து "இருக்கேன் சார்" என்று வந்தது. அவள் குரல்தான். அங்கே யாரும் இல்லை. அன்று அவள் பங்கை நாங்கள் கட்டவுமில்லை. வசூல் சரியாக இருந்தது.

எனக்குப் பயம் வரவில்லை, கோபம் வந்தது. உயிரோடு இருந்தபோதே அவளைத் தூங்க விடாத கடன், இப்போதுமா? இந்த வாரம் எழுந்து நின்று சொன்னேன்: "அவ செத்துட்டா சார். அவளை விட்டுடுங்க."

யாரும் திரும்பவில்லை. அவர் என் பேரைக் கூப்பிட்டார். இருக்கேன் என்றேன். மறுபடி கூப்பிட்டார். கத்தினேன். "வரலையா?" என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டார். அவள் என்னைத் தாண்டிச் சுவரைப் பார்த்தாள்.

வீட்டில் தைத்துக்கொண்டிருக்கும்போது, தலையணை உறை வாங்க வந்தவள் வாசலில் நின்று, வீட்டில் யாருமில்லையா என்று கேட்டாள். பதில் சொல்லச் சொல்லப் போய்விட்டாள்.

உன் அறைக்கு வரமாட்டேன். அதில் மாற்றமில்லை. நீ ஒருமுறை வந்து அம்மா என்று கூப்பிடு. நான் பெற்ற பிள்ளை நீ. உன் காதிலாவது விழுகிறதா பார்க்கிறேன்.

அம்மா

ஏப்ரல் 9

அம்மா,

இதை உன் மிஷின் மேல் வைத்துவிட்டுப் போகிறேன். காலையிலிருந்து கூப்பிட்டுத் தொண்டை கட்டிவிட்டது. குழுவில் கேட்டேன். வாரம் தவறாமல் நீ வருவதாகவும், தவணை பாக்கியில்லை என்றும் சொன்னார்கள்.

கேட்டும் பேசாமல் இருக்கிற அளவுக்கா என்மேல் கோபம்?

உன் மகன்