மாமா வாங்கிய வாந்தி மாத்திரை

வைகாசி 9, வெள்ளி.

தள்ளுபடியில் கிடைத்த மூன்று நாள் கப்பல் பயணத்தை அக்காவுக்காகத்தான் ரத்து செய்தேன். அடுத்த வாரம் கல்லங்குறிச்சியில் அவள் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி இல்லாமல் நடக்குமா? கட்டிய முன்பணம் திரும்பாது என்று ஏஜென்ட் கையை விரித்துவிட்டார். அவர் அக்கா வீட்டுக்காரரான மாமாவின் கூட்டாளி.

இன்று காலை அக்கா போனில், "காதுகுத்த ஆவணிக்குத் தள்ளிட்டோம்டா" என்றாள். ஏன் என்றதும் பேச்சை மாற்றினாள்.

மாலையில் மாமா என் மருந்துக் கடைக்கு வந்து, மூன்று பேருக்கு மூன்று நாளைக்கு வாந்தி மாத்திரை கேட்டார்.

"எங்க மாமா பயணம்?"

"பூலாம்பாடிக்குத்தான் மாப்ள."

பூலாம்பாடிக்கு பஸ்ஸில் போய்வர மூன்று நாளா? அட்டையை வெட்டிக் கொடுத்தேன்.

"கப்பல் ஏற அரை மணி நேரம் முன்னாடி போட்டுக்குங்க மாமா."

"சரி மாப்ள" என்று தலையாட்டிவிட்டுப் போனார்.