பாபு மிரண்டு ஓடவில்லை

தம்பி,

இன்று காலை பேண்டு செட்டுக்காரர் ஒருவர் வந்து, கல்யாணக் குதிரைக்குப் போர்த்தும் சிவப்பு வெல்வெட் துணி இருக்கிறதாமே, கொடுப்பீர்களா என்று கேட்டார். பெட்டியைத் திறந்தேன். ஜரிகையும் சலங்கையும் வைத்து நானே தைத்த துணி. மடிப்பைப் பிரித்ததும் நம் குதிரை பாபுவின் வேர்வை நாற்றம் குப்பென்று அடித்தது. கூடவே உன் பீடி நாற்றம். கொடுக்க மனசில்லை என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன். அப்புறம் அந்தத் துணியை மடியில் போட்டுக்கொண்டு உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். செத்தவனைத் திட்டக்கூடாது என்பார்கள். திட்டுவதற்கு எனக்கு வேறு யாரை வைத்துவிட்டுப் போனாய்?

நீ அவனைக் கூட்டிக்கொண்டு வந்த அன்றைக்கே ஆரம்பித்த திட்டு இது. ரேஸ் லாயத்தில் உனக்கு சைஸ் வேலை. குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டி, தீனி வைத்து, நடத்திக் கூட்டிப்போகிற வேலை. மற்றவர்கள் வேலையை வேலை செய்கிற இடத்திலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வருவார்கள். நீ அதைக் கயிற்றில் கட்டி ஆஸ்டின் டவுனில் நம் வீட்டுக்கே இழுத்துக்கொண்டு வந்தாய். வேகம் குறைந்துவிட்டதாம், யாராவது கொண்டுபோங்கள் என்று முதலாளி சொல்லிவிட்டாராம். கல்யாண ஊர்வலத்துக்கு விட்டுப் பிழைத்துக்கொள்ளலாம் என்றாய்.

"மாப்பிள்ளைங்க வெள்ளைக் குதிரை கேப்பாங்கடா. இது சாம்பல்ல பொரண்ட கழுதை மாதிரி இருக்குது" என்றேன்.

"பொறுத்துப் பாருக்கா. வயசாக வயசாக வெளுத்துடுவான். பாலு மாதிரி ஆயிடுவான்."

அப்படியே வெளுத்தான். நீ வாழ்க்கையில் சொன்ன ஜோசியத்தில் பலித்தது அது ஒன்றுதான்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி சைட்டில் தகரக் கொட்டகை போட்டு அவனைக் கட்டினாய். ரேஸ் குதிரைக்கு ஊர்ச் சத்தம் ஆகாது. தமட்டை, பேண்டு, வெடி, ஆட்டோ ஹாரன் எல்லாவற்றுக்கும் அவனைப் பழக்க நீ பட்ட பாட்டைத் தெருவே வேடிக்கை பார்த்தது. அவன் கொள்ளு தின்னும்போது நான் கொஞ்சம் தள்ளி நின்று தட்டைத் தட்ட வேண்டும். தையல் மெஷினை வெளியே தூக்கி வைத்துப் பாவாடை தைக்க வேண்டும். முதலில் காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு நடுங்கினான். நீ அவன் கழுத்தைத் தடவி, "பஸ் பேட்டா, பஸ்" என்று, போதும்டா மகனே என்பதை உருதுவில் சொல்லிக் கொஞ்சுவாய். வீட்டுக்காரரிடம் கன்னடம், குதிரையிடம் உருது, என்னிடம் தமிழ். மூன்றிலும் மோசமான வார்த்தைகள் எல்லாம் என் பங்குக்கு வந்த மொழியில்தான் இருந்தன. கடைசியில் காதுக்குப் பக்கத்தில் தமட்டை அடித்தாலும் அவன் ஒரு காலைத் தளர்த்திக்கொண்டு தூங்கினான். பயத்தையெல்லாம் உருவி எடுத்துவிட்டேன் என்று நீ மார்தட்டிக்கொண்டாய்.

நீ பயத்தைத்தான் எடுத்தாய், தம்பி.

சோறு சாப்பிடும்போது நீ சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம் ஆன கதை ஒன்று உண்டு. பந்தயம் தொடங்கும் இடத்தில் குதிரைகளை வரிசையாக இரும்புக் கூண்டுகளில் அடைத்து நிறுத்துவார்கள். கூண்டின் கதவுகள் எல்லாம் ஒரே நேரத்தில் படாரென்று திறக்கும். அந்தச் சத்தத்தில் மற்ற குதிரைகள் தடுமாறும், பாபு மட்டும் முதல் ஆளாகப் பாய்ந்து வெளியே இருப்பான். இதைச் சொல்லும்போது நீ இரண்டு தட்டுகளை மோதிக் காட்டுவாய், எனக்குக் குழம்பு தெறிக்கும். ஓட்டம் முடிந்து திரும்பி வந்தால், ஜெயித்தாலும் தோற்றாலும், உன் உள்ளங்கையில் அவனுக்கு வெல்லத் துண்டு தயாராக இருக்குமாம்.

நீ போய்ச் சேர்ந்த அன்றைக்குச் சாயங்காலம், ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் மாப்பிள்ளை இன்னும் ஏறவில்லை. பேண்டுக்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். எந்தச் சத்தமும் இல்லை. நீ அவனுக்கு முன்னால் நின்று நெற்றிப்பட்டத்தைச் சரி செய்துகொண்டிருந்தாயாம். எதிரே இருந்த குடோனில் லாரி வெளியே வருவதற்காக இரும்புக் கதவுகள் இரண்டையும் உள்ளிருந்து தள்ளித் திறந்தார்கள். படார். பாபு பாய்ந்தான். அவன் தோள் இடித்ததில் நீ பின்னால் போய் டிவைடரில் தலை மோதி விழுந்தாய். அவ்வளவுதான். நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது உன் முகத்தை மூடியிருந்தார்கள்.

குதிரை மிரண்டுவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கேயாவது கொண்டுபோய்த் தொலையுங்கள் என்று கத்தினேன். பிறகு, அவன் பின்னாலேயே ஓடிப்போன கிளாரினெட்காரர் துக்கம் கேட்க வந்தார். கோணல்மாணலாக ஓடவில்லையம்மா, நேராக ஓடினான், ஒருவரையும் உரசவில்லை என்றார். சர்க்கிள் வந்ததும் யாரும் பிடிக்காமல் தானே வேகத்தைக் குறைத்தானாம். திரும்பி நின்று வந்த வழியையே பார்த்தானாம். இவர் கயிற்றைப் பிடித்ததும் அவர் கையை முகர்ந்து, விரல்களை உதட்டால் பிரித்துப் பிரித்துப் பார்த்தானாம். ஏன் என்று தெரியவில்லை என்றார் அவர்.

எனக்குத் தெரிந்தது, வெல்லத் துண்டைத் தேடியிருக்கிறான். அன்றைக்குத்தான் முதல் தடவையாக வாய்விட்டு அழுதேன். நீ எந்த வேலைக்காக அவனைத் தட்டிக்கொடுத்தாயோ அதைத்தான் அவன் செய்தான். மிரளக்கூடிய எல்லாவற்றையும் நினைத்து நினைத்துப் பழக்கிய உனக்கு, அவன் ஆசையாகக் காத்திருந்த ஒரு சத்தம் மட்டும் நினைவுக்கு வரவில்லை. பழி போட ஒரு ஆள் கிடைத்தால்கூடக் கொஞ்சம் மனசு ஆறியிருக்கும். அதுவும் இல்லாமல் போயிற்று.

லாடம் அடித்த காலோடு சிமெண்டு ரோட்டில் அந்த வேகத்தில் ஓடியதில் அவனுக்கு வலது முன்னங்காலின் நரம்பு அறுந்துவிட்டது. உனக்குச் சிரிப்பு வரும், கொட்டகையின் அரைச் சுவரைத் தாண்டாத நான் உள்ளே போனேன். தண்ணீர் பீய்ச்சி, மருந்து போட்டுக் கட்டு கட்டினேன். நீ எப்போதும் சொல்வதுபோல இடது பக்கமாகப் போய், தொடுவதற்கு முன்னால் குரல் கொடுத்தேன். வீக்கம் வற்ற ஆரம்பித்தபோது பிழைத்துவிடுவான் என்று நம்பினேன். ஆனால் வலியில் உடம்புப் பாரம் முழுவதையும் நல்ல காலின்மேலேயே போட்டு நின்றிருக்கிறான். அதில் அந்தக் குளம்பு உள்ளே கெட்டுவிட்டது. அடிபட்ட கால் ஆறிக்கொண்டு வரும்போது நல்ல கால் போய்விட்டது.

இப்போது பெரும்பாலும் படுத்தே கிடக்கிறான். எழுந்து நிற்க முயன்றால் உடம்பெல்லாம் வேர்க்கிறது. படுத்துப் படுத்து இடுப்பெலும்புப் பக்கம் புண். சர்ஜாபூர் பக்கம் குதிரை ஏற்றம் சொல்லிக்கொடுக்கும் ஒரு இடத்திலும், வயசான மாடுகளை வைத்துக் காப்பாற்றும் ஓர் இடத்திலும் கேட்டுப் பார்த்தேன். படம் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன், அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. வந்து பார்க்கிற டாக்டரம்மா நல்ல மனுஷி. இன்னொரு மருந்து இருக்குமா என்று ஒவ்வொரு தடவையும் நான் கேட்பேன், அவரும் பொறுமையாகப் பதில் சொல்வார். நேற்று மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டார். இனி அவனை வைத்திருப்பது உங்களுக்காகத்தான், அவனுக்காக இல்லை என்று கன்னடத்தில் மெதுவாகச் சொன்னார். சரி என்றேன். நாளைக் காலை வருகிறார்.

மேலே போய் உன்னோடு சேர்ந்துகொள்வான் என்று பக்கத்து வீட்டம்மா ஆறுதல் சொன்னார். எனக்கு அப்படியெல்லாம் நம்பிக்கை இல்லை, தம்பி. நீ இல்லை. நாளையிலிருந்து அவனும் இல்லை. கொட்டகை காலியாக இருக்கும்.

ஊசி போடும்போது பழகிய ஆள் பக்கத்தில் நின்றால் அடங்கி இருப்பான் என்றார் டாக்டரம்மா. சைஸ் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்.

"இருந்தான்" என்றேன்.

பிறகு நானே நிற்கிறேன் என்று சொல்லிவிட்டேன். இந்த நாட்களில் என்மேல் அவனுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் மூச்சை விட்டுத் தலையைச் சாய்த்து என் தோளில் வைத்துக்கொள்கிறான். எவ்வளவு கனம் தெரியுமா அந்தத் தலை. நாளைக் காலையும் அப்படித்தான் வைப்பான்.