ஓரத்துச் சின்னப் புள்ளி

மார்ச் 6

பெருமை பிடித்துப்போய்த்தான் நான் தேவாலயப் பங்குக் கூடத்துக்கு, நிதிக்காக விற்கும் சீஸ் ரோல் சுற்ற வருவதில்லை என்று ஐலீன் மக்ரே ஓமாரு ஊர் முழுக்கச் சொல்லி வருகிறாள். தவறு. பெருமை எனக்கு எப்போதும் உண்டு. அதோடுதான் எத்தனையோ குளிர்காலம் அந்த மேசையில் நின்று ரொட்டித் துண்டில் சீஸ் தடவிச் சுற்றினேன். இப்போது வராததற்குக் காரணம் விரல்கள். மடங்க மறுக்கின்றன. தளர்ந்த ரோலை விற்க நான் சம்மதிக்க மாட்டேன்.

தசை நோய். நாட்டிலேயே ஒரு கைப்பிடி பேருக்குத்தான் இருக்கிறதாம். அதற்கென்று யாரும் புது மருந்து செய்யப்போவதில்லை. வேறு நோய்களுக்கான பழைய மருந்துகளில் ஏதாவது எனக்கு உதவுமா என்று டனீடின் மருத்துவமனையில் டாக்டர் செஃபினா லெயோட்டாவின் குழு தேடுகிறது. முதலில் தந்த மாத்திரையைக் கிறிஸ்துமஸிலிருந்து விழுங்குகிறேன். பேனாவில் துணி சுற்றி இதை எழுதுகிறேன். எழுத்து சாய்கிறது. நான் படித்த கன்னியர் பள்ளியாக இருந்தால் முழுப் பக்கத்தையும் திரும்ப எழுதச் சொல்லியிருப்பார்கள்.

மார்ச் 11

செஃபினா வந்தாள். உட்காரும் முன்பே, "மிஸஸ் காட்டர், நாங்க தப்பு பண்ணிட்டோம்" என்றாள்.

சமையலறை மேசையில் பெரிய தாள் ஒன்றை விரித்தாள். உடம்பின் புரதங்கள் எல்லாம் புள்ளிகள். எது எதோடு சேர்ந்து வேலை செய்கிறதோ அவற்றுக்கு இடையே கோடு. நிறையக் கோடுகள் சேரும் புள்ளிதான் நோயின் முடிச்சு என்று எண்ணி, அதைத் தொடும் மருந்தை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

"அதுக்கு ஏன் அவ்வளவு கோடுன்னா, இத்தனை வருஷமா எல்லாரும் அதையே ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. பாத்த இடத்துல கோடு இருக்கு. பாக்காத இடத்துல இல்ல. அவ்வளவுதான்."

"எங்க ஐலீன் மாதிரி," என்றேன். "எந்தக் குழுவை எடுத்தாலும் அவ பேர் இருக்கும். வேலை நடக்கிறது வேற இடத்துல."

சிரித்தாள். அதிகம் ஆராய்ந்ததால் வந்த அந்தப் புகழைக் கழித்துவிட்டு வரைந்த இரண்டாவது தாளைக் காட்டினாள். ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி. என் தசையில் கெட்டுப்போன புள்ளிகள் எல்லாம் அதை ஒட்டித்தான் இருந்தன. அதைத் தொடும் மருந்து ஏற்கனவே இருக்கிறது — ஒரு காலத்தில் வயிற்றுப் புண்ணுக்குக் கொடுத்த மாத்திரை.

என் கணவர் டெஸ்மண்டின் கடைசி ஆண்டில் எத்தனை மருத்துவர்கள். ஒருவர்கூட என் முகத்தைப் பார்த்து "தப்பு" என்று சொன்னதில்லை. இந்தப் பெண் அதைச் சொல்வதற்கென்றே கார் ஓட்டி வந்தாள். பழக்கேக் முழுவதையும் கட்டிக் கொடுத்தனுப்பினேன்.

மார்ச் 25

மருந்துக்கடைக்காரர்: "இந்த மாத்திரையைக் கடைசியா வாங்கினவரோட அடக்கத்துக்கே நான் போயிட்டு வந்துட்டேன், மிஸஸ் காட்டர்."

"என்னோடதுக்கும் வாங்க. டை கட்டிட்டு வரணும்," என்றேன்.

ஏப்ரல் 14

ஒன்றுமில்லை.

ஏப்ரல் 30

ஒன்றுமில்லை என்று எழுத வந்தேன். பேனாவின் துணி அவிழ்ந்து கீழே கிடக்கிறது. துணி இல்லாமலே பிடித்திருக்கிறேன். பிரமையா? நம்பிவிட ஆசையாக இருக்கிறது. அதுதான் பயம்.

மே 12

செஃபினாவுக்கும் அதே பயம். இனி மாத்திரை எண் போட்ட குப்பிகளில் வரும்; சிலவற்றில் மருந்து, சிலவற்றில் வெறும் மாவு. எது எதுவென்று எனக்கும் தெரியாது, என் கைப்பிடியின் வலுவை அளக்கும் அவளுக்கும் தெரியாது.

"என் வார்த்தை போதாதா?"

"எனக்குப் போதும். ஆனா இன்வர்கார்கில்ல இதே நோயோட ஒரு டீச்சர் இருக்காங்க. அவங்களுக்குக் கொடுக்க உங்க வார்த்தை மட்டும் போதாது, மிஸஸ் காட்டர்."

முதல் குப்பியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஐலீனிடம் விரல்களைப் பற்றிச் சொன்னேன், குப்பிகளைப் பற்றியும். "மாவு வேணும்னா கடையில வாங்கிக்கோயேன். அதுக்கு ஏன் பஸ் ஏறி டனீடின் போறே?" என்றாள். பிறகு, வேறு குரலில்: "நீ மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருக்கேன்னுதான் நெனச்சேன், நோரீன்."

ஜூன் 20

இந்தக் குப்பி மாவுதான். வாயில் வைத்ததுமே தெரிகிறது. கோட்டுப் பொத்தானைப் போட முடிந்தது தற்செயல்.

ஜூலை 16

இந்தக் குப்பி நிச்சயமாக மருந்து. ருசியே வேறு. ஆனா கரண்டி நழுவுது. பொத்தான் போட முடியலை. மருந்தும் கைவிட்டுடுச்சா? கடவுளே, நான் எதுக்கு இதுக்கு ஒத்துக்கிட்டேன்.

ஆகஸ்ட் 19

இன்று குப்பிகளின் ரகசியத்தை உடைத்தார்கள். மாவு என்று நான் அடித்துச் சொன்னது மருந்து. மருந்து என்று அடித்துச் சொன்னது மாவு. ருசி இரண்டுக்கும் ஒன்றேதானாம்.

செஃபினா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க நம்பாதபோதும் கை மடங்கியிருக்கு. இதைவிட நல்ல சாட்சி எங்களுக்குக் கிடைக்காது."

தவறாக இருந்ததற்கு நான் நன்றி சொன்ன நாள் என் வாழ்வில் இது ஒன்றுதான்.

ஆகஸ்ட் 23

பங்குக் கூடம். சுண்டுவிரல் இன்னும் மடங்கவில்லை; மற்றவை போதும். ஐலீன் தட்டிலிருந்து ஒரு ரோலை எடுத்து அமுக்கிப் பார்த்தாள். "இது தளர்வா இருக்கு."

"அது நீ சுத்தினது," என்றேன். உண்மையும் அதுதான்.

மாத்திரை இந்த மாதத்தோடு தீர்கிறது. தொடர்ந்து தருவதா என்று மருத்துவமனையின் அனுமதிக் குழு இன்னும் முடிவு சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, துணி சுற்றாத பேனாவால் செஃபினாவுக்கு எழுதினேன். நினைவுக்காக அதை இங்கேயும்:

"அன்புள்ள டாக்டர் லெயோட்டா, எனக்கு மாத்திரை தொடருமா, இன்வர்கார்கில் ஆசிரியைக்கு எப்போது தருவார்கள் — இந்த இரண்டும் எனக்குத் தெரிய வேண்டும். தொலைபேசி வேண்டாம். உறையை இப்போது என் விரல்களாலேயே பிரிப்பேன். எழுத்தில் பதில் அனுப்புங்கள்."