மின்னல் என்ன சொன்னாங்க?

மார்ச் 2

மதிப்புக்குரிய மேடம்,

வணக்கம்! உங்ககிட்ட மெயிலும் இல்ல, வாட்ஸப்பும் இல்லன்னு சொன்னாங்க. அதான் வாழ்க்கையில முதல் தடவையா தபால்ல எழுதறேன். கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும், மன்னிச்சிருங்க!!

உங்க அம்மா, அதாவது எங்க ‘மின்னல்’, நடிச்ச அந்த ஊமைப்படம் மொத்தமா அழிஞ்சுபோச்சுன்னுதானே எல்லாரும் நினைச்சோம்? மூடிக் கிடந்த ஒரு தியேட்டர்ல ஒரு துண்டு கிடைச்சிருக்கு! ஒரே ஒரு நிமிஷம்தான், ஆனா என்னா நிமிஷம்! புருஷன் விட்டுட்டுப் போற சீன். திரையில ‘நாதா, என்னைக் கைவிடாதீர்கள்’னு எழுத்து வருது, அவங்க வாயசைவு அதோட சுத்தமா ஒட்டல. எங்க ரசிகர் குரூப்பே மண்டைய உடைச்சுக்குது. ஒருத்தன் அது ரகசியக் காதலன் பேருன்னே சாதிக்கறான், லூசு. இந்தக் கவர்லயே பென் டிரைவ் வச்சிருக்கேன். பாத்துச் சொல்லுங்களேன், ப்ளீஸ்!

மின்னலுக்காக உயிரையே குடுக்கற பொண்ணு,
குரூப் அட்மின்

மார்ச் 15

அன்புள்ள பொண்ணுக்கு,

உயிரெல்லாம் வேண்டாம், நீயே வச்சுக்கோ. மருமக டிவியில போட்டுக் காட்டினா. நான் அந்தப் படத்தைப் பாத்ததே இல்ல.

அம்மா கோவம் வந்தா பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் பேசுவா. அந்த வாய் எனக்கு நல்லாவே பழக்கம். ‘அந்தப் பிள்ளைய யாராவது தூக்குங்க, லைட்டுகிட்ட போறா’ங்கறா.

அந்தப் பிள்ளை நான்தான். நடக்கப் பழகின வயசு. கொதிக்கற ஷூட்டிங் லைட்டைப் பிடிச்சு உள்ளங்கை வெந்துபோச்சு. இன்னும் விரல் முழுசா விரியாது. ‘பெத்தவ திரும்பிக்கூடப் பாக்காம நடிச்சுக்கிட்டு நின்னா’ன்னு சித்தி சொல்லுவா. அம்மாகிட்ட நான் கேட்டதில்ல. கடைசிவரைக்கும் முகம் குடுத்துப் பேசினதும் இல்ல.

சொல்லித்தான் இருக்கா. ஆனா நின்ன இடத்தை விட்டு நகரல. அப்புறம் என்ன செஞ்சா? மீதி இருக்கா?

இப்படிக்கு,
மின்னலோட மக

மார்ச் 24

அம்மா,

மேடம்னு எழுத வரல.

மீதி இல்லம்மா. பிலிம் அதோட அறுந்துடுச்சு. ஒவ்வொரு ஃப்ரேமா நிறுத்தி நிறுத்திப் பாத்தேன். கடைசி ஃப்ரேம்ல அவங்க வலது கால் தரையில இல்ல. அடி எடுத்து வைக்கறாங்க.

உங்களைத் தூக்கத்தான் ஓடி வந்தாங்கன்னு எழுத ரொம்ப ஆசையா இருந்துச்சு, எழுதியும் கிழிச்சுட்டேன். ஏன்னா, அந்தக் காலத்துப் பட நோட்டீஸ்ல கதை போட்டிருக்கு. கதாநாயகி புருஷன் பின்னாடி ஓடறதாதான் சீனே. நீங்களும் அந்தப் புருஷனும் ஃப்ரேம்ல இல்ல, அதனால கால் யார் பக்கம் போச்சுன்னு எனக்குச் சத்தியமா தெரியல.

குரூப்ல ‘அவங்களுக்கும் புரியலையாம்’னு போட்டுட்டேன். செம திட்டு. திட்டட்டும்.

அட்மின்

ஏப்ரல் 6

பொண்ணே,

சித்தி இருந்திருந்தா, ‘புருஷன் பக்கம்தான்’னு அடிச்சுச் சொல்லியிருப்பா. உன் குரூப்ல கேட்டா என் பக்கம்னு சொல்லிக் கைதட்டுவாங்க. நீ தெரியலன்னு எழுதின. ராத்திரி நல்லாத் தூங்கினேன்.

அந்தக் கடைசி ஃப்ரேமை மட்டும் பெருசா பிரிண்ட் போட்டு அனுப்பு. முகம் வேண்டாம், அதை ஊரே பாத்தாச்சு. கால் தெரிஞ்சா போதும்.

அம்மா