வலைப்பூவை யார் அச்சடிப்பார்கள் என்று கேட்டேனே

மாப்ள,

காகிதத்தின் சூடு இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது. பதினாறு பக்கம், இயந்திரத்தின் வாயிலிருந்து அப்போதுதான் விழுந்தவை. ஜெராக்ஸ் கடையிலிருந்து அவற்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உன் வீட்டுக்கு ஓடினேன். ஆமாம், ஓடினேன். இந்த உடம்பு ஓடிய ஓட்டத்தில் எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளி வரைக்கும் நிலம் அதிர்ந்து, கர்நாடகாக்காரர்கள் வீட்டைவிட்டு வெளியே வந்து நின்றதாகக் கேள்வி. இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? நீ எங்களை விட்டுப் போய் நேற்றோடு ஒரு வருஷம். அதனால்தான் எழுதுகிறேன்.

உனக்கும் எனக்கும் மதமும் வேறு, ஊரும் வேறு. ஆனாலும் கூப்பிடுவது மாமன், மாப்பிள்ளை. நீ ஃபேக்டரியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். ஷிப்ட் முடிந்ததும் என் வீட்டு முன்னறையில் நாம் இருவரும் வலைப்பூக்களுக்குத் தீம், அதாவது அவற்றின் தோற்ற வடிவம், செய்தோம். அழகு என் இலாகா. நான் ஒரு தலைப்புப் படம் வைத்தால் கிருஷ்ணகிரி மலையே தன் உயரத்தை நினைத்துக் கூச்சப்படும். எழுத்து சறுக்கிக்கொண்டு வரும், படங்கள் பல்லக்கில் வருவதுபோல நகரும். நீயோ அதையெல்லாம் ஏறெடுத்தும் பார்க்கமாட்டாய். பையிலிருந்து பென்டிரைவை எடுத்து, தீமைச் சோதிக்கும் பதிவுகளை ஒவ்வொன்றாக ஏற்றுவாய். 

தலைப்பே இல்லாத ஒரு பதிவு. ஒரு சரக்கு ரயில் நீளத்துக்குத் தலைப்பு வைத்த இன்னொன்று. பதிலுக்குப் பதில், அதற்கும் பதில் என்று பத்துப் படி இறங்கும் பின்னூட்டம். இல்லாத பக்கத்தின் முகவரி. தேடினால் ஒன்றுமே கிடைக்காத ஒரு சொல். என் தீமில் ஏதாவது ஒன்று பல்லிளித்தால், ஃபேக்டரியில் தேறாத பாகத்தில் ஒட்டுகிற அதே மாதிரி ஒரு சிவப்புச் சீட்டை என் மானிட்டர் விளிம்பில் ஒட்டிவிடுவாய்.

"மாமா, தலைப்பு கட்டத்தத் தாண்டி ஓடுது பாரு."

"ஓடட்டுமேடா, அழகா இருக்கு!"

"ஜூஜுவாடி செக்போஸ்ட்டுல பெர்மிட் இல்லாம பார்டரத் தாண்டிருச்சு. ரிஜெக்ட்."

என் மானிட்டரைப் பார்த்து, இது கல்யாண வீட்டுத் தோரணமா என்று கேட்டவர்கள் உண்டு.

நாம் நிஜமாகச் சண்டை போட்டது ஒரே ஒரு விஷயத்துக்காக. உன் சொந்த வலைப்பூவின் தீமில், அச்செடுக்கும்போது மெனு, ஓரப்பட்டை, கறுப்புப் பின்னணி எல்லாம் மறைந்து, எழுத்து மட்டும் பெரிதாக வரும்படி ஒரு பகுதி எழுதியிருந்தாய். இரண்டு ஞாயிறு அதற்கே போனது. எனக்கு ஆத்திரம். "வலைப்பூவ எந்த மகாராசன்டா அச்சடிப்பான்? கல்வெட்டுல செதுக்கவும் ஒரு பட்டன் வைக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு, உன் கண்ணெதிரே அந்தப் பகுதியை அழித்தேன். நீ டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டாய். எனக்கு வெற்றி என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

நேற்று உன் வருஷ நினைவுப் பூசைக்குக் கல்லாவியிலிருந்து உன் அக்கா வந்திருந்தார். இன்று காலை நான் போனபோது பையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"எந்தம்பி எங்கிட்டப் பேசறத உட்டுருச்சுங்க. போன் பண்ணா 'ம்'ங்கும், 'சரி'ங்கும். எப்பப் பாரு அந்தப் பொட்டியவே பாத்துக்கிட்டுக் கெடந்துச்சு. என்னைய மறந்தே போச்சு."

உன் மனைவி என்னை வாசலுக்கு அழைத்து வந்தாள். "அண்ணா, அவரு அக்காவப் பத்தி நெறைய எழுதிருக்காரு. செல்லுல காட்டுனா கண்ணு கூசுதுன்னு தள்ளிடறாங்க. பேப்பர்ல எடுத்துத் தர முடியுமா? பன்னெண்டு மணி பஸ்சுக்குப் போறாங்க. இந்த மனக்குறையோட போகக்கூடாதுண்ணா."

"அஞ்சே நிமிஷம்!" என்று மார்தட்டிவிட்டுக் கிளம்பினேன். பாதி வழியில்தான் நான் அழித்தது நினைவுக்கு வந்தது. கால் இரண்டும் கழன்று ரோட்டில் விழுந்தன. பொறுக்கி மாட்டிக்கொண்டு நடந்தேன்.

கன்னடம் கலந்து பேசும் கடைக்காரம்மா திரையைப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கினார். "வெப்சைட்டா சார்? கறுப்பு கறுப்பா வரும். பாதி எழுத்து கட் ஆயிடும். சொல்ப யோசனை பண்ணிச் சொல்லுங்க."

"அம்மா, மணி பதினொண்ணரை. அடிங்க."

முதலில் அக்காவைப் பற்றிய உன் பதிவை நான் திறக்க வேண்டுமே. அதற்கு நீ தலைப்பே வைக்கவில்லை. என் யோசனைப்படி தீம் செய்திருந்தால், பட்டியலில் அது இருந்த இடமே தெரிந்திருக்காது. சொடுக்க ஓர் எழுத்துகூட இருந்திருக்காது. தலைப்பில்லாவிட்டால் தேதியைக் காட்டு என்று நீ அன்றைக்குச் சிவப்புச் சீட்டு ஒட்டியதால், தேதியைத் தொட்டதும் திறந்தது. கண்ணை மூடிக்கொண்டு அச்சுக்குக் கொடுத்தேன்.

மாப்ள, வெள்ளைக் காகிதம்! மெனு இல்லை. என் மலைமுழுங்கித் தலைப்புப் படம் இல்லை. பெரிய பெரிய எழுத்து. எந்தப் படமும் இரண்டு பக்கத்துக்கு நடுவே உடையவில்லை. கடைசியில் பின்னூட்டங்கள் வரிசையாக. ஒவ்வொரு பக்கமும் வெளியே விழ விழ நான் போட்ட கூச்சலில், பக்கத்து பேக்கரியில் பன் தானாகவே உப்பியிருக்கும். "இவ்ளோ நீட்டா வருதே, யார் சார் செஞ்சது?" என்றார் அந்த அம்மா. உன் பெயரைச் சொன்னேன். என் பெயரைச் சேர்த்துச் சொல்ல வாய் வரவில்லை. என் வாழ்நாளில் முதல்முறை.

அக்கா கட்டிலில் உட்கார்ந்து, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஐ.டி.ஐ.யில் சேர்க்க உன்னைச் சைக்கிளில் வைத்து ஊத்தங்கரைக்கு மிதித்துப் போனாராமே. வழியில் செயின் கழன்று கையெல்லாம் கிரீஸ். அந்த இடம் வந்ததும் விரல் நின்றது.

"என் சீலையில கை தொடச்சவனே அவந்தான்! அத எழுதாம உட்டுட்டான் பாரு, களவாணி," என்று சிரித்தார். அப்புறம் முதல் பக்கத்துக்குத் திரும்பி, மறுபடியும் ஆரம்பித்தார். பன்னிரண்டு மணி பஸ் போயே போய்விட்டது. 

வீட்டுக்கு வந்து தீமைத் திறந்து பார்த்தேன். நான் அழித்த இடத்திலேயே, ஒரு வரி குறையாமல், நீ திரும்ப வைத்திருக்கிறாய். அதற்கு மேலே எனக்கான குறிப்பாக ஒரு வரி: "மாமா, இத எடுக்காத. எங்கக்கா பேப்பர்லதான் படிக்கும்."

வாய் திறந்து சொல்லியிருக்கலாமேடா, பாவி. நான் கேட்டிருக்கமாட்டேன் என்பது உனக்குத் தெரியும்.

உன் சிவப்புச் சீட்டு ஒரு கட்டு என் மேஜை டிராயரில் கிடக்கிறது. போன வாரம் நான் முடித்த புதுத் தீமைத் திறந்தேன். தேவலோகத்திலேயே அதற்கு ஈடு கிடையாது. இல்லாத ஒரு சொல்லைத் தேடிப் பார்த்தேன். வெறும் வெள்ளைத் திரை. ஒன்றும் கிடைக்கவில்லை என்று வந்தவருக்கு ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லை.

உன் சிவப்புச் சீட்டு ஒன்றைக் கிழித்து மானிட்டரில் ஒட்டிவிட்டேன், மாப்ள. ரிஜெக்ட்.