இரண்டு பேருக்கான கார்

14.3.94

இங்கிலாந்து லீட்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. பருத்தி இலைநோய் ஆராய்ச்சி, இரண்டு வருஷம். ஜூன் நடுவுக்குள் பதில் சொல்ல வேண்டும். இத்தனை காலம் பெண்கள் கல்லூரியில் தாவரவியல் நடத்தியபின், நாற்பத்தெட்டு வயதில், எங்கேயோ ஒருவர் என் கட்டுரையைப் படித்திருக்கிறார்.

இவரிடம் சொன்னேன். "ரெண்டு வருசமா? அப்ப ஊட்ட ஆரு பாக்கறது?" என்று கேட்டுவிட்டு தன் இரும்பு வார்ப்பு பவுண்டரிக்குப் போய்விட்டார். எதிர்பார்த்த பதில்தான். பிறகு ஏன் நாள் முழுக்க ஓரிடத்தில் உட்கார முடியவில்லை?

19.3.94

"நீ போய்ட்டு வா சாரதா" என்றார் இன்று, இட்லியைப் பிட்டுக்கொண்டே. என்ன நடந்தது? மகிழ்ச்சியைவிடச் சந்தேகம்தான் அதிகம்.

20.3.94

சந்தேகம் தெளிந்தது. வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றை விரித்துக் காட்டினார். டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், 1968 மாடல். இரண்டே இருக்கை, மேலே துணிக்கூரை, பின்னால் மடித்துவிடலாம். இளவயதில் சோழவரம் கார் பந்தயத்தில் பார்த்ததாம். அன்றிலிருந்து ஆசையாம். கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

பழைய காரைச் சும்மா இறக்குமதி செய்ய முடியாது. இரண்டு வருஷம் வெளிநாட்டில் இருந்தவர், அங்கே ஒரு வருஷம் சொந்தமாக வைத்திருந்த காரைத் திரும்பும்போது கொண்டுவரலாம் — இது இவர் விசாரித்துவந்த தகவல்.

"உம்பேர்ல வாங்கிக்கலாம். வரும்போது கப்பல்ல ஏத்திட்டு வந்துரு."

"எனக்கு ஓட்டத் தெரியாதுங்களே."

"அங்க போய்க் கத்துக்கறது."

"கார் கொண்டுவர முடியாதுன்னா என்னைய அனுப்புவீங்களா?"

"ஏன் இப்படி எடக்கா கேக்கறே?" என்றார்.

2.4.94

காருக்காக அனுப்பினாலும் போகப்போவது நான்தானே? — இப்படியும் சொல்லிப் பார்க்கிறேன். ஒட்டவில்லை.

17.4.94

அத்தை, இவருடைய அம்மா, முத்தாத்தாள், பிடிவாதமாகச் சொல்லிவிட்டார்: "கடலத் தாண்டிப் போறவளுக்கு ஆத்தாகிட்டப் பூக் கேக்காம ஆகாது." அந்தியூர் தாண்டி குலதெய்வக் கோயிலுக்குப் போனோம். வெள்ளைப்பூ ஒரு பொட்டணம், செவ்வரளி ஒரு பொட்டணம். ஆத்தாள் காலடியில் போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு உண்டு. சிவப்பு வந்தால் இல்லை. கேட்கிறவர் காரியத்தை மனதில் நினைத்தால் போதும், வாய்விட்டுச் சொல்வதில்லை. வீட்டு ஆண் என்று இவரை முன்னால் நிறுத்தினார்கள். கண்ணை மூடி நெடுநேரம் நின்றார்.

சிவப்பு.

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். "உத்தரவு இல்ல கண்ணு. போக வேண்டாம்." கோபித்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

திரும்பும் வழியெல்லாம் இவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

18.4.94

இரண்டு பொட்டணத்தில் ஒன்று. சரிபாதி வாய்ப்பு. இதைத்தான் ஆத்தாள் வாக்கு என்கிறார்கள். நான் போகத்தான் போகிறேன் என்று அத்தையிடம் சொன்னேன்.

"போ சாமி. நான் தடுக்கல. உனக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா அப்புறம் நானிருக்க மாட்டேன், அவ்வளவுதான்." சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

பூவை நம்பாதவள் பூவால் கட்டுப்பட்டுக் கிடக்கிறேன்.

6.5.94

மான்செஸ்டரிலிருந்து மோகன்குமார் போன் செய்தான். இவருடைய சித்தப்பா மகன். அடுத்த வருஷம் குடும்பத்தோடு ஊருக்கே வந்துவிடுகிறானாம். இவர் சொல்வது அடுக்களை வரை கேட்டது: "அப்ப நீயே வாங்கி வெச்சுரு தம்பி. வரும்போது கொண்டாந்துரு." என்னைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது.

ஆக, கார் வரும். நான் போகமாட்டேன்.

9.5.94

கேட்டேவிட்டேன். "ஏனுங்க, நான் போறதுக்குச் செகப்பு விழுந்ததுக்கு நீங்க ஒரு வார்த்தை பேசல. காருக்கு மட்டும் எப்படி அத்தனை பேச்சு வருது?"

சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார். பிறகு: "நான் அன்னைக்கு உன்ன நெனைக்கல சாரதா."

"பின்ன?"

"காரு ஊட்டுக்கு வருமான்னு கேட்டேன்."

முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

"அத்தைகிட்டச் சொல்லுங்க."

"சொன்னா, ஆத்தா வேண்டாம்னுட்ட காரை அம்மா வாசல்ல உடுமா?"

"அப்ப நானு?"

மோட்டார் ரூமில் ஏதோ பார்க்க வேண்டும் என்று போய்விட்டார்.

என்ன மனுசன் இவர்? ஆத்தாளை நம்புகிறார், அவள் சொன்னதை மட்டும் மறைக்கிறார். நானே அத்தையிடம் சொல்லிவிடலாம். சொல்லமாட்டேன். அவர் வாயால் வரவேண்டும். அது வராவிட்டால், போய்த்தான் என்ன, இருந்துதான் என்ன?

28.5.94

சொல்லவில்லை. பத்திரிகைப் படத்தை வெட்டி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார்.

6.6.94

சொல்லவில்லை. இன்று பரீட்சைத் தாளில் ஒரு பெண்ணுக்கு மதிப்பெண் தப்பாகக் கூட்டிவிட்டேன். எனக்கு இப்படி நேர்ந்ததே இல்லை.

11.6.94

லீட்ஸுக்குப் பதில் சொல்ல இன்னும் நாலே நாள். அத்தை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். இவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றார்.

"அம்மா, அன்னைக்கு நான் பூக் கேட்டது சாரதாவுக்கு இல்லீங்கம்மா. காருக்கு."

"எந்தக் காருக்குடா?"

"வெளிநாட்டுக் காருங்க. அவ பேர்ல வாங்கலாம்னு."

அத்தை கீரையைக் கீழே வைத்தார். "கட்டுனவ கடலத் தாண்டிப் போறா, நீ காருக்குப் பூக் கேட்டியாக்கும். அம்பத்திமூணு வயசாச்சு உனக்கு." கொஞ்சம் யோசித்தார். "அதுல எத்தன பேர் உக்காரலாம்?"

"ரெண்டு பேருங்க."

"என்னைய எங்க உக்கார வெப்ப, டிக்கிலயா? ஆத்தா செரியாத்தான் சொல்லியிருக்கறா."

"சாரதாவுக்கு வேணா இன்னொருக்கா கேட்டுப் பாக்கலாமுங்களா?" என்று இழுத்தார்.

"நீ இனி ஒண்ணும் கேக்க வேண்டாம்." என் பக்கம் திரும்பினார். "அம்மணி, நீ போய்ட்டு வா. உனக்கு அவ வேண்டாம்னு சொல்லவே இல்ல."

கடைத்தெரு பூத்திலிருந்து லீட்ஸுக்கு ஃபேக்ஸ் அனுப்பிவிட்டு வந்தேன். இவர் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு மோகன்குமாரிடம் பேசிக்கொண்டிருந்தார். "வேண்டாம் தம்பி. உட்ரு" என்றது மட்டும் கேட்டது.

21.5.95, லீட்ஸ்

மார்ச்சில் ஓட்டுநர் தேர்வில் தேறினேன், மூன்றாவது தடவையில். போன வாரம் பக்கத்துத் தெரு ஓய்வுபெற்ற ஆசிரியரிடமிருந்து ஸ்பிட்ஃபயர் ஒன்றை வாங்கிவிட்டேன். விலை குறைவு, இங்கே பஸ் சரியில்லை. இரண்டும் உண்மை. இரண்டும் காரணமில்லை.

ஞாயிற்றுக்கிழமை இவர் கூப்பிடுகிற நாள். மழை எப்படி, சாப்பாடு எப்படி என்றெல்லாம் கேட்டு முடித்தபின் சொன்னேன். ஊருக்குக் கொண்டுவர மாட்டேன், கிளம்பும்போது இங்கேயே விற்றுவிடுவேன் என்றும் சொன்னேன்.



"என்ன கலரு?"

"பச்சைங்க."

"டாப்பத் தொறந்து ஓட்டுனியா?"

"ஒரு நாள். உடனே மழை புடிச்சுக்கிச்சு."

"எங்க நிறுத்தியிருக்கற?"

"ஜன்னலுக்கு நேர் கீழங்க."

"போனை அங்க வெச்சுட்டுப் போய் ஸ்டார்ட் பண்ணு."

ஜன்னலைத் திறந்து ரிசீவரை விளிம்பில் வைத்துவிட்டு, வீட்டுச் செருப்போடு இறங்கி ஓடினேன். இரண்டாம் முறைதான் எஞ்சின் பிடித்தது. கொஞ்சம் உறுமவிட்டு, அணைக்காமல் மேலே ஓடி வந்தேன்.

"இருக்கீங்களா?"



"டேப்பெட்டு சத்தம் போடுது" என்றார். "நாளைக்கே மெக்கானிக்குகிட்டக் காட்டிரு."